பனி வகுத்த கரை

கூடாரத்தையும் சமையற் சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலை காட்டும் வழியே சென்று, பகற்பொழுதில் படகேறிப் பனியாறுகளையும் திமிங்கிலங்களையும் கண்டு, இரவானதும் காட்டோரத்தில் தீ மூட்டிப் படுத்துறங்கும் பிரயாணம் மேல்நாட்டாரிடையே நெடுங்காலமாகப் பிரசித்தி பெற்றது. அலாஸ்காவிலே சூவர்ட் என்னும் சிறு துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுகள், 1980ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட கீனாய் பியோர்ட்ஸ் கரையோரமாகச் சென்று, ஹார்டிங் என்னும் மலைப்பனிவெளியிலிருந்து இறங்கிக் கடலைத் தொடும் பனியாறுகளின் முன்னே எஞ்சினை நிறுத்தி, அவற்றின் முகப்பிலிருந்து பெரும் பாளங்கள் பிளந்து நீரில் விழும் காட்சியை யாத்திரிகர்களுக்குக் காட்டுகின்றன. கனடாவிலும் நோர்வேயிலும் குடியேறிய நம் உறவினர் பலர் கோடை விடுமுறையில் பிள்ளை குட்டிகளோடு இவ்வாறு சஞ்சாரம் செய்து பழகியவர்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது, "இங்கே பார்க்க அப்படி என்ன இருக்குது, மாமா?" என்று பிள்ளைகள் கேட்க, பெரியவர்கள் கோயில்களின் பெயரைச் சொல்லிவிட்டு மேலே சொல்ல ஒன்றும் தோன்றாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள விடை மன்னார் என்பதே.

மன்னாரில் பனியாறு இல்லை. அந்த வெயிலில் பனிக்கட்டி ஒரு நாழிகை நிற்பதே அரிது. ஆயினும் மன்னார்த் தீவின் வடிவத்தையும், அதன் இருபுறத்துக் கடல்களின் சுபாவத்தையும், மார்கழியில் அங்கு வந்திறங்கும் பறவைத் திரள்களையும் நிர்ணயித்தது எங்கோ தொலைவில் உறைந்தும் உருகியும் போன பனியே என்பதை அறிந்துகொண்டு அந்தக் கரையில் நடப்பவனுக்கு, அங்குள்ள ஒவ்வொரு மணல்மேடும் அலாஸ்காவின் பனிமுகப்புக்கு நிகரான ஆச்சரியத்தைத் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இற்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமி கடுங்குளிரின் உச்சத்தில் இருந்த காலத்தில், கனடாவின் பெரும்பாகமும் ஐரோப்பாவின் வடபுறமும் கிலோமீற்றர்க் கணக்கான கனமுள்ள பனிப்போர்வையின் கீழ்க் கிடந்தன. அத்தனை நீரும் நிலத்தின்மேல் உறைந்து நின்றமையால் உலகின் சமுத்திரங்கள் இன்றைய மட்டத்திலிருந்து சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தன. பாக்கு நீரிணைக்குத் தெற்கேயுள்ள குடாக்கடல் இன்றைக்கும் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழத்துக்கு உட்பட்டது. ஆகவே அக்காலத்தில் அங்கே கடல் என்பதே இருந்திருக்க இயலாது. இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே புல்லும் பற்றையும் வளர்ந்த சமவெளி கிடந்தது. யானைகளும் சிறுத்தைகளும், அவற்றின் பின்னே மனிதரும், கால் நனையாமல் இலங்கைக்கு நடந்து வந்த வழிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் வடதிசைப் பனி உருக உருகக் கடல் ஏறி வந்து, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தொடர்பை அறுத்தது. அறுந்த இடத்தில் எஞ்சிய முதுகெலும்பைத்தான் நாம் இராமர் அணை என்றும், ஆதாம் பாலம் என்றும், தலைமன்னார் மீனவர் வழக்கில் தீடை என்றும் வழங்குகிறோம்.

இதிலே இன்னொரு விசேஷம் உண்டு. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா, துருவப் பிரதேசங்களின் பனிப்பாளங்கள் எவ்வளவு உயர்ந்திருக்கின்றன, எவ்வளவு கரைகின்றன என்பதைப் பச்சை நிற லேசர்க் கதிரால் அளப்பதற்கென்று ஐஸ்சாட்-2 என்னும் செயற்கைக்கோளை ஏவியது. அந்தக் கதிர் தெளிந்த ஆழமற்ற நீரையும் ஊடுருவிச் சென்று அடிநிலத்தைத் தொட்டுத் திரும்ப வல்லதாகையால், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் அதன் அளவைகளைக் கொண்டே இராமர் அணையின் நீரடி உருவத்தை வரைந்து 2024இல் வெளியிட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை 29 கிலோமீற்றர் தொடர்ச்சியாக ஓடும் அத்தொடரில் 99.98 விழுக்காடு நீருக்குள் மறைந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. நாம் படகிலிருந்து காணும் வெண்மணல் தீடைகள் அந்த மாபெரும் மேட்டின் நுனிகள் மாத்திரமே. பனியை அளக்கப் போன கருவி, பனி உருகியதால் மூழ்கிய நிலத்தையும் அளந்து தந்தது.

இனி வழியைச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து வருவோர் மதவாச்சியில் ஏ 14 வீதியில் திரும்பினால், 114 கிலோமீற்றர் கடந்து அது தலைமன்னாரில்தான் முடியும். யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர்க்கு 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி, வெள்ளாங்குளம், விடத்தல்தீவு வழியாகக் கரையோரமாகவே வரும் ஏ 32 வீதி உண்டு. இரண்டுள் எதனைத் தேர்ந்தாலும் அவசரப்படலாகாது. மதவாச்சி வழியில் முருங்கனுக்குச் சமீபமாகக் கட்டுக்கரைக் குளம் கிடக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தாதுசேன மன்னன் கட்டுவித்தது என்று பாரம்பரியம் கூறும் இந்த மகா தடாகத்துக்கு அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துத் திருப்பியே நீர் கொண்டு வருகிறார்கள். தாமரை இலை மூடிய அதன் ஓரத்தில் காலை வேளையில் வண்டியை நிறுத்தினால், தாழைக்கோழியும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் தத்தம் காரியமாகத் திரிவதை, வண்டியை விட்டு இறங்காமலே ஒரு மணிநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். கல்பிட்டிக்குப் போய்க் கடலில் சுழன்று பாயும் ஓங்கில் கூட்டங்களையும், அதிர்ஷ்டமிருந்தால் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் காண விரும்புவோர் கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையே அங்கு முதலிற் சென்று, புத்தளம், அநுராதபுரம் வழியாக மன்னாருக்கு வருவது உசிதம்.

கூடாரமடித்துத் தங்குவது மேல்நாட்டு நாகரிகம் என்று நம்மவர் சிலர் எண்ணுகிறார்கள். மன்னார் மாவட்டத்தின் வரலாற்றை அறிந்தவன் அப்படி எண்ணமாட்டான். ஒவ்வோர் ஆவணியிலும் மடுமாதா திருவிழாவுக்கு இலங்கையின் நாற்றிசையிலுமிருந்து வரும் இலட்சக்கணக்கான ஜனங்கள், சிங்களவரும் தமிழருமாய், காட்டு மரங்களின் கீழே தறப்பாள் கட்டி, மூன்று கல் வைத்து உலையேற்றி, நாட்கணக்காகத் தங்குகிறார்கள். 1670ஆம் ஆண்டில், ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிச் சென்று வைத்த இடமே மடு. ஆகவே அத்தலத்தின் பிறப்பே கூடாரவாசத்தில் நிகழ்ந்தது எனலாம். முன்பு மாட்டுவண்டியில் வந்தார்கள், இப்போது லொறியிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். பானை, பாய், மண்ணெண்ணெய் விளக்கு என்ற சாமான் பட்டியலில் அதிக மாறுதல் இல்லை.

இன்னும் பெரிய கூடாரநகரம் ஒன்று இக்கரையில் எழுந்து மறைந்தது. சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில், மாசி பங்குனியிலே, ஓலையும் கம்பும் கொண்டு சில வாரங்களில் ஒரு பட்டணமே தோன்றும். கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர்களும், இந்தியாவின் பல திக்குகளிலிருந்து செட்டிகளும் வணிகரும், நீதவானும் பொலீசாரும் வைத்தியரும், சுறா தீண்டாமல் கடலை மந்திரத்தால் கட்டுவதற்கென்று கடல்கட்டிகளும் அங்கே கூடுவார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கிய குளிகாரன் மூச்சடங்குமுன் கூடையில் அள்ளிய சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவனுக்கும் படகாருக்கும். மற்ற இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. கொட்டு எனப்பட்ட வேலிக்குள் குவித்த சிப்பிகள் ஏலம் போனபின், அவை அழுகி ஊன் கழன்று முத்து வெளிப்படும் வரை, ஈயும் நாற்றமும் அந்த நகரத்தை ஆண்டன. 1905ஆம் ஆண்டின் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறுவருஷம் அங்கு உத்தியோகம் பார்த்த இளம் அதிகாரிகளுள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் பெயர்பெற்ற லெனாட் வூல்ஃப். அத்துடன் முத்துச்சிப்பிப் பார்கள் வறண்டன. ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுத்துக் கைசுட்டுப் போயிற்று. 1925க்குப் பின் அவ்வாறான கூட்டத்தை அக்கரை காணவில்லை. இன்று மறிச்சுக்கட்டிப் பக்கத்து மணலில் நடப்பவன், காலடியில் நொறுங்கும் சிப்பி ஓடுகளைக் கண்டு அந்நகரத்தின் பருமனை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய கூட்டம் போயினும் சிறியது நிலைத்திருக்கிறது. காற்று மாறும்போது ஊர்மாறித் தொழில்செய்யும் மீனவர் கடலோரத்தில் அமைக்கும் வாடிகளைப் பார்த்து நம் கூடாரக்காரர் கற்றுக்கொள்ளத்தக்கது நிரம்ப உண்டு. வாசலைக் காற்றுக்கு எதிரே வைக்கமாட்டார்கள். கூரையைத் தாழ்த்திக் கட்டுவார்கள். அடுப்பைக் குடிலுக்குக் காற்றின் கீழ்ப்புறத்தில், மணலைப் பள்ளமாக்கி அதற்குள் வைப்பார்கள். கடைகளில் விற்கும் கூடாரங்களோடு தரப்படும் மெல்லிய இரும்பு முளைகள் மன்னாரின் மணலில் ஒரு பொழுதும் பிடிக்கமாட்டா. சோளகக் காற்று ஒரு வீச்சு வீசினால் அவை வெளியே வந்துவிடும். சாக்குப் பையில் மணலை நிரப்பி, கழுத்தை இறுக்கிக் கட்டி, அதிலே கயிற்றைப் பிணைத்து, ஒரு முழ ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மேலே மிதித்துவிடுவதே நிலைக்கும் உபாயம். குடிநீரை நகரத்திலிருந்தே கொண்டுபோக வேண்டும். பனையோலைச் சருகு கிடக்கும் இடத்தில் தீ மூட்டவே கூடாது.

இடம் தேர்வதிலும் விசாரணை அவசியம். யுத்தகாலத்துக் கண்ணிவெடிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டிருப்பினும், பெருநிலப் பகுதியில் மண்டையோட்டுச் சின்னமிட்ட சிவப்புப் பலகை தொங்கும் எந்தக் காணியிலும் கால் வைக்கலாகாது. பலகை இல்லாத காட்டுக்குள்ளும் ஊராரைக் கேளாமல் புகுவது நல்லதன்று. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ தங்க விரும்புவோர் பங்குத்தந்தையையோ கடற்றொழிலாளர் சங்கத்தாரையோ முதலில் கண்டு பேசவேண்டும். அவர்கள் "இதிலே வலை வளைக்கிறது, அதிலே வள்ளம் ஏத்துறது, நீங்கள் அந்தப் பனையடியிலே இருங்கோ" என்று காட்டும் இடத்தில் இருந்துகொண்டால், விடியற்காலையில் கரைவலை இழுப்பதைக் கூடாரத்து வாயிலிலிருந்தே காணலாம். வலைக்குத் தலைவனாகிய மண்டாடி கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கையசைக்க, இரு கம்பாக்கயிறுகளிலும் ஆட்கள் வரிசையாய் நின்று பின்னோக்கி நடந்து இழுக்க, சில இடங்களில் உழவு இயந்திரமும் துணை செய்ய, மடி கரையை நெருங்கும்போது கீரியும் சூடையும் பாரையும் துள்ளும் ஓசை மழைபோலக் கேட்கும். வேடிக்கை பார்ப்பவன் நிற்க வேண்டிய இடம் கயிற்றுக்கு வெளியே; கை கொடுக்க அழைத்தால் கொடுக்கலாம்.

மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் புகுமுன், வீதியின் தென்புறத்தே வங்காலைச் சரணாலயம் விரிகிறது. 2008இல் சரணாலயமாகவும், 2010இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகவும் பிரகடனம் செய்யப்பட்ட 4,839 ஹெக்டேர்ப் பிரதேசம் அது. உவர்நிலமும் கடற்சேறும் ஆழமற்ற நீர்ப்பரப்புமாய், முதற்பார்வைக்கு வெறுமை என்றே தோன்றும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தபின்தான் அந்த வெறுமை முழுவதும் உயிர் என்பது விளங்கும். பூநாரை இரை தேடும் முறையை அருகிலிருந்து காணுமளவு அது நம்மை நெருங்க விடாது; கண்ணாடி வழியே பார்த்தால், நீண்ட கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாக நீரில் தோய்த்து, மேலலகு கீழும் கீழலகு மேலுமாக வைத்துக்கொண்டு, தடித்த நாவைப் பம்புத் தண்டாக அசைத்து நீரை உறிஞ்சி, அலகோரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்களை மாத்திரம் தேக்கி, மீதியை வெளியே தள்ளுவது தெரியும். கால்களால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கியபடி வட்டமாகச் சுற்றுவதால், நீர் வற்றிய பின்னும் அதன் மேய்ச்சல் வட்டங்கள் சேற்றில் பதிந்திருக்கும்.

பூநாரையைப் பார்க்க வருவோர் அதன் காலடியில் ஓடித்திரியும் சிறு உள்ளான்களைக் கவனியாமல் போய்விடுகிறார்கள். என் மனத்துக்கு அவையே அதிக அபூர்வமானவை. ஊசிவால் வாத்துகளும், குருவியினும் சற்றே பெரிய கொசு உள்ளான்களும், வளைந்த அலகுடைய உள்ளான்களும் ஆனி மாதத்தில் சைபீரியாவின் வடகோடியில், நிலம் அடியில் என்றும் உறைந்தே கிடக்கும் பாழ்வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே பனி மூடுமுன் பறந்து வந்து மன்னாரில் மாரியைக் கழிக்கின்றன. இப்படி வடகோடிக்கும் மன்னாருக்கும் இடையே பறவைகள் சென்று வருவதை அனுமானத்தால் மாத்திரமல்ல, கருவியாலும் கண்டிருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவருடைய குழுவினரும் 2021ஆம் ஆண்டில் மன்னாரில் பிடித்துச் செய்மதித் தொடர்புக் கருவி பூட்டிவிட்ட ஹியூக்ளின் கடற்காகங்களுள் மேகா என்று பெயரிடப்பட்டது, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ரஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமல் தீபகற்பத்தைச் சென்றடைந்தது. தலைமன்னார் இறங்குதுறையில் மீன்குடல் பொறுக்கும் கடற்காகத்தை நாம் கூர்ந்து பார்ப்பதில்லை. பனிப்பிரதேசத்தைக் காண நாம் பெருஞ்செலவு செய்து போகிறோம். அங்கிருந்து வருவோர் நம் வீதியோரத்தில் நிற்கிறார்கள்.

தீவுக்குள் பார்க்க வேண்டியவை பல. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கோட்டையும், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பள்ளிமுனைப் பெருக்க மரமும், வீதியெங்கும் திரியும் கழுதைகளும் யாருக்கும் தாமே கண்ணில் படும். பெருநிலத்தில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரமும், அதனை அடுத்துப் புதையுண்டு கிடக்கும் மாதோட்டத் துறைமுகமும் தனியே எழுதத்தக்கவை. நான் படகுக்குப் போகிறேன்.

தலைமன்னாருக்கு அப்பாலுள்ள தீடைகளும் சுற்றியுள்ள கடலும் 2015இல் ஆதாம் பாலம் தேசிய வனமாக்கப்பட்டன. ஆதலால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் கடற்படையின் சம்மதமும் இல்லாமல் எவரும் அங்கே போகலாகாது. 1974ஆம் 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இரு நாட்டுக் கடலெல்லை அத்தொடரின் குறுக்கே செல்வதால், அதற்கு அப்பாலுள்ள தீடைகளைப் பார்வையால் மாத்திரமே அடையலாம். காலத்தைத் தேர்வதற்குக் காற்றை அறிய வேண்டும். கார்த்திகை முதல் தை வரை வாடைக்காற்று வடகடலைக் கலக்குகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகமும் கச்சானும் தென்கடலைப் புரட்டுகின்றன. ஒரு கடல் கொந்தளிக்கும்போது மற்றது அமைதியாயிருக்கும் என்பதே அத்தீவின் மீனவருக்கு வாய்த்த பாக்கியம். மாசியிலிருந்து சித்திரை வரை இரண்டும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். புதிதாகப் படகேறுவோர்க்கு அதுவே தக்க பருவம்.

கண்ணாடியிழை வள்ளம் கரையை விட்டகன்று சிறிது தூரம் போனதும், ஓட்டி எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியை எடுக்கிறான். நடுக்கடலில் கழி ஊன்றிச் செல்வது முதன்முறை காண்பவனுக்கு நம்பத் தகாததாயிருக்கும். நீர் இடுப்பளவு, சில இடங்களில் முழங்காலளவு. இடப்புறம் மன்னார் வளைகுடாவின் கருநீலம், வலப்புறம் பாக்குக் குடாவின் இளம்பச்சை. நடுவே நாம் மிதக்கும் இடத்தில் அடிமணலின் வரிகளை எண்ணலாம். இரு கடல்களின் நீரும் தீடைகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் மோதிப் பாய்வதால் ஓட்டம் மிக வேகமாயிருக்கும். நேற்று வழியாயிருந்த இடம் இன்று மேடாகிவிடுதலும் உண்டு. "தம்பி, இதிலே இறங்கி நிக்காதையும், மணல் இழுக்கும்" என்று ஓட்டி சொன்னால் மறுபேச்சின்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருங்கப்பல் ஒன்றும் இங்கே நுழைய முடியாது என்பதற்கும், கொழும்பை நோக்கும் இந்தியக் கிழக்குக்கரைக் கப்பல்கள் இலங்கையை முழுதும் சுற்றிப் போவதற்கும் காரணம் இந்த முழங்கால் நீர்.

வெயில் முதிரும் மாதங்களில் இத்தீடைகளின் மேல் ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. கூடு என்று ஒன்றும் கட்டுவதில்லை. மணலில் நெஞ்சை அழுத்திச் செய்த சிறு குழியில், மணலின் நிறத்திலேயே புள்ளியிட்ட ஒன்றிரண்டு முட்டைகள். வேற்றாள் ஒருவன் தீடையில் ஏறினால் பறவைகளெல்லாம் ஒருங்கே எழும்புகின்றன. நிழல் நீங்கிய முட்டை அந்த நண்பகல் மணலில் சில நிமிஷங்களிலே வெந்துபோகும். ஆதலால் குஞ்சு பொரிக்கும் காலத்தில் வள்ளத்தை விட்டு இறங்காமல் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும். படம் பிடிப்பதற்காகத் தீடையில் ஏற்றிவிடச் சொல்லி ஓட்டிக்கு அதிகப் பணம் நீட்டுவோர் செய்வது பெரும் பாதகம். அலாஸ்காவில் கடற்சிங்கங்களிடமிருந்து படகுகள் விலகி நிற்கச் சட்டமும் வழக்கமும் உண்டு. இங்கே சட்டம் இருக்கிறது. வழக்கத்தை இனி யாத்திரிகர்தாம் உண்டாக்க வேண்டும்.

வடகடலின் கடற்புல் படுகைகளில் ஆவுளியா மேய்கிறது. மூன்று மீற்றர் வரை வளரும் இந்தச் சாது ஜந்து ஒரு நாளைக்கு 40 கிலோ வரை புல் தின்னும். ஓர் ஆண்டுக்கு மேல் சினை சுமந்து ஒரே கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை தாமதிக்கும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரினத்தில் வலையில் சிக்கி மூச்சடைத்துச் சாகும் ஒவ்வொன்றும் ஈடுசெய்தற்கரிய நஷ்டம். இலங்கையில் அதனைக் கொல்வது குற்றம். எதிர்க்கரையில் தமிழ்நாட்டு அரசு 2022இல் 448 சதுர கிலோமீற்றர் கடலை அதன் காப்பகமாக அறிவித்தது. யாத்திரிகன் அதனைக் காண்பது அரிதே. தெளிந்த நீரில், புற்படுகையின் நடுவே ஒற்றையடிப் பாதை போல வெண்மணல் கீறு நெளிந்து செல்வதை ஓட்டி சுட்டிக்காட்டி, "இது ஆவுளியா மேய்ஞ்ச தடம்" என்று சொன்னால், அதுவே பெரும்பேறு. புதர்போல் புல் அடர்ந்த இடத்தில் எஞ்சினை வேகமாக ஓட்டச் சொல்லாதிருப்பது நாம் செய்யக்கூடிய கைம்மாறு.

கரைக்குத் திரும்பும்போது தீவின் தென்கரையில் வரிசையாய் நிற்கும் காற்றாலைகள் கண்ணில் படும். 2020 இறுதியில் இயங்கத் தொடங்கிய தம்பபவனி என்னும் அந்நிலையத்தில் 30 விசையாழிகள் 103.5 மெகாவாட் மின்சாரம் தர வல்லன. நிலக்கரி எரிக்காத மின்சாரம் வேண்டுவதே. இவ்விஷயத்தில் மாறுபட்ட அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் துருவத்திலிருந்து வரும் பறவைகள் இறங்கும் வழியிலேயே அவை நிற்கின்றன என்பதும், மின்கம்பிகளில் மோதிப் பறவைகள் மடிவதை ஆய்வாளர்கள் கண்டு கவலை தெரிவித்திருக்கிறார்கள் என்பதும், தீவுக்குள் மேலும் விசையாழிகள் நிறுவுவதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து 2025இல் ஊர்மக்கள் வீதிக்கிறங்கினார்கள் என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. வெள்ளம் வடியும் வழிகள் அடைபடுகின்றன, கரைவலைப் பாடுகள் குறைகின்றன என்று அவர்கள் சொல்வதை, அக்கரையில் ஒரு மாரி நாளில் நின்று பார்த்தவன் இலேசாகத் தள்ளிவிடமாட்டான். கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த மணற்றீவில், எந்தக் குழியும் எந்த அத்திவாரமும் நீரின் போக்கை மாற்றவே செய்யும்.

அந்த நீரும் ஏறிக்கொண்டிருக்கிறது. அலாஸ்காவின் எக்சிட் என்னும் பனியாற்றை நோக்கிச் செல்லும் பாதையில், எந்த ஆண்டில் பனிமுகப்பு எவ்விடத்தில் இருந்தது என்று ஆண்டெழுதிய பலகைகளை நட்டிருக்கிறார்கள். நடக்க நடக்க ஆண்டுகள் கடந்து போகின்றன, பனி இன்னும் தொலைவிலேயே நிற்கிறது. அவ்வாறு உலகெங்கும் உருகிய நீரோடு, வெப்பத்தால் கடல் தானே விரிவதும் சேர்ந்து, சமுத்திரமட்டம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீற்றர் உயர்ந்து வருகிறது. ஓர் ஆலாவின் முட்டைக்குழி உவர்நீர்க் கோட்டுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று தீடையருகே வள்ளத்திலிருந்து பார்த்தவனுக்கு அந்த எண் அற்பமாகத் தோன்றாது.

திரும்பும் வழியில் வங்காலை, நானாட்டான் வழியாக அரிப்புக்குப் போக வேண்டுகிறேன். கண்டி அரசனின் சிறையிலே பத்தொன்பது வருஷத்துக்கு மேல் கிடந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், தன் தோழனொருவனோடு அருவியாற்றுக் காட்டின் வழியே தப்பி நடந்து, 1679 ஒக்தோபரில் வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை இங்கேதான் இருந்தது. அதற்கு அணித்தே, முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த டொரிக் மாளிகை செம்மண் விளிம்பில் நிற்கிறது. கடல் அந்த விளிம்பை அறுத்து வருவதால் சுவர்களில் ஒரு பகுதி சரிந்து கீழே கடற்கரையில் கிடக்கிறது. விளிம்பின் ஓரம் போகாமல் நிலப்புறத்திலிருந்தே பார்க்க வேண்டும். அங்கிருந்து தெற்கே சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும், அவற்றுக்கப்பால் வில்பத்து வனமும். 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட அதனுள்ளே வில்லு எனப்படும் நீர்நிலைகளின் கரையில் கூடாரமடித்துத் தங்க விரும்புவோர் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாதவர்கள் மாலைக்குள் முருங்கன் திரும்பி ஏ 14 வீதியைப் பிடித்துவிடலாம். இருட்டிய பின் அவ்வீதியில் யானை குறுக்கிடுவதுண்டு, வண்டியை மெதுவாகவே செலுத்த வேண்டும்.